அக்கரை மஞ்சள் உறை

ஆணுறை கொடுப்பதற்கு இஸ்திரிக் கடையைவிடத் தோதான இடம் உலகத்தில் இல்லை என்று இஸ்திரிக்காரன் கஞ்சி அடித்துச் சொல்வான். மருந்துக் கடையில் வாய் திறந்து கேட்டாக வேண்டும். பக்கத்தில் நிற்கும் அம்மாள் தன் இருமலை மறந்துவிட்டு நம் வாயையே பார்ப்பாள். உறைகளை இலவசமாகக் கொடுக்கும் திட்ட ஆபீசுக்கே போய் வாங்கலாமென்றால் வாசலில் ஆளுயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். அதற்குள் நுழைவதும் நடுத்தெருவில் நின்று தம்பட்டம் அடிப்பதும் ஒன்றுதான். இஸ்திரிக் கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மனைவியோடு ஒழுங்காகக் குடும்பம் நடத்தும் வங்கிக்காரர் வரலாம், பெண்ணே பார்க்க வேண்டாமென்று வீட்டில் மல்லுக்கட்டும் வாத்தியார் வரலாம். கசங்கின துணி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

கஞ்சி என்பது பட்டப்பெயர். அவன் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை தானாகவே எழுந்து நடக்கும் என்று வாடிக்கைக்காரர்கள் செய்த கேலி அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆளும் கொஞ்சம் அப்படித்தான். நாற்பதைத் தாண்டியும் முதுகு வளையாது, பேச்சும் வளையாது. மேஜை, அதன்மேல் மடித்துப் போட்ட பழைய கம்பளி, தண்ணீர் தெளிக்க மூடியில் ஓட்டை போட்ட பாட்டில், சுவரோரம் பொட்டலங்கள் அடுக்கிய அலமாரி, இவ்வளவுதான் கடை. அலமாரியின் கீழ்த்தட்டில், இஸ்திரிப் பெட்டியின் சூடு எட்டாத மூலையில், திட்ட ஆபீஸ் கொடுத்த பெட்டி இருந்தது. சூடு பட்டால் ரப்பர் கெட்டுப்போகும். தன் கடையில் இருப்பதெல்லாம் சூடுதான் என்பதால் அந்தப் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல இடம் மாற்றி மாற்றி வைப்பான்.

கேட்பதற்கு வாய் வேண்டியதில்லை. பேண்டைக் கொடுக்கும்போது ஒரு பக்கத்துப் பையின் உள்துணியை வெளியே இழுத்துவிட்டுக் கொடுத்தால் போதும். கஞ்சி தேய்த்து, சூடு ஆறவிட்டு, கடைசியில் அந்தப் பைக்குள் நான்கைந்து உறையும் இரண்டு ஜெல் பொட்டலமும் வைத்து, காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பான். புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எண்ணெய் கிண்ணெய் தடவிடாதீங்க, கிழிஞ்சிடும். இந்த ஜெல்தான்," என்பான். ஒருமுறை ஒரு வக்கீல் மறதியில் இரண்டு பையையும் இழுத்துவிட்டுக் கொடுத்தார். கஞ்சி கண்ணும் கருத்துமாக இரண்டையும் நிரப்பி அனுப்பிவிட்டான். மறுவாரம் வந்த மனிதர், "அண்ணே, நான் என்ன பட்டாளத்துக்கா போறேன்?" என்று கேட்டார். அந்தக் கதையைக் கஞ்சி ஆபீஸ் கூட்டத்தில் ஆளைச் சொல்லாமல் சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தத் திட்டத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களுக்கான என்று தொடங்கி மூச்சு வாங்கிய பிறகுதான் முடியும். அதில் வேலை செய்தவர்கள் 'நம்ம ஆபீஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். எந்தப் பகுதியில் எவ்வளவு செலவாகிறது என்று தெரிவதற்காக, ஆற்றுக்கு இந்தப் பக்கம் நீலப் பட்டை போட்ட உறை, அந்தப் பக்கம் மஞ்சள் பட்டை என்று ஆபீஸ் பிரித்திருந்தது. நீலம் கஞ்சியின் கையில். மஞ்சள், பாலத்தைத் தாண்டி சலூன் வைத்திருந்த சோடாவின் கையில். கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருந்ததால் சோடா. கஞ்சியும் சோடாவும் ஒரே நாளில் பயிற்சிக்குப் போனவர்கள், நகமும் சதையுமாகப் பழகினவர்கள்.

பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது இரண்டு. எவனாக இருந்தாலும், எத்தனை முறை என்றாலும், உறை இல்லாமல் கூடாது. உன்னிடம் யார் வாங்குகிறார்கள் என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. கஞ்சி இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். சின்னவன் ஒருவன் கூட்டத்தில் விளையாட்டாக ஒரு வாடிக்கைக்காரர் பெயரை உளறியபோது மேஜையைத் தட்டி எழுந்தவன் கஞ்சிதான். "இன்னிக்குப் பேர் சொல்லுவே, நாளைக்கு ஒருத்தனும் வாங்க வரமாட்டான். வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலைன்னா இந்த வேலைக்கு வராதே," என்றான். சோடா அன்று கை தட்டினான்.

முதல் விதிக்கு மட்டும் ஒரே ஒரு இடத்தில் விலக்கு இருந்தது, அது அவன் வீடு. ஊருக்குத்தானடி உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் கஞ்சியைக் கேட்டால் அது கள்ளத்தனம் இல்லை என்பான். அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது.

கடைக்கு மேலே, இரண்டு அறை வீட்டில் அவனோடு இருந்தவன் பஸ் டிரைவர். அக்கம்பக்கத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. யார் அண்ணன் யார் தம்பி என்பதை இருவரும் அவ்வப்போது மாற்றிச் சொல்லிவிடுவார்கள். சேர்ந்து வாழத் தொடங்கிக் கொஞ்ச நாளில் இருவரும் ஒன்றாகப் போய் ரத்தம் கொடுத்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டார்கள். மறுபடி இடைவெளி விட்டு இன்னொரு முறை. இரண்டு முறையும் சுத்தம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் டிரைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே எனக்கு நீ, உனக்கு நான். நமக்கு நடுவுல அது எதுக்கு?" என்றான். கல்யாணம் என்று ஒன்று கஞ்சிக்கு நடந்திருக்கிறதென்றால் அது அன்றைக்குத்தான். மேளமில்லை, சாட்சியில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போட்டுக்கொள் போட்டுக்கொள் என்று தொண்டை வற்றச் சொல்லிவிட்டு, மாடிப்படி ஏறும்போது எனக்கு அது வேண்டாம் என்று நினைக்கையில் அவனுக்குள் ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வத்தில்தான் அவன் நிமிர்ந்து நடந்தான். மற்றவர்கள் அதைக் கஞ்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

டிரைவரும் லேசான ஆள் இல்லை. சிரித்தால் எதிரில் இருப்பவன் கடன் கொடுத்துவிடுவான், அப்படி ஒரு சிரிப்பு. கஞ்சிக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பான். கஞ்சியின் தங்கை பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் புருஷனுக்கு முன்னால் ஓடியவன் அவன். அதெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் கஞ்சிக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

ஒரு மத்தியானம் டிரைவரின் யூனிஃபார்ம் பேண்டைத் தேய்க்க எடுத்தான். இஸ்திரிக்காரனின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, துணியை விரிப்பதற்கு முன் பையைத் தடவிவிடும். பேனா இருந்தால் மை உருகி எல்லாம் நாசமாகிவிடும். இஸ்திரிக்காரனோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். வருடக்கணக்காக டிரைவர் துணியைப் போடும்முன் பையைக் காலி செய்துவிட்டுத்தான் போடுவான். அன்றைக்கு மறந்துவிட்டான். பின்பையில் கஞ்சியின் விரலுக்கு ஒற்றை உறை தட்டுப்பட்டது. ஒரு ஓரம் நேராக, இன்னொரு ஓரம் கிழித்தெடுத்த மாதிரி பிசிறாக இருந்தது. அதனோடு சேர்ந்திருந்தவை ஏற்கெனவே போயாகிவிட்டன. பட்டை மஞ்சள்.

நீலமாக இருந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பான். தன் பெட்டியிலிருந்தே தவறி விழுந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கலாம். மஞ்சளுக்கு என்ன சமாதானம்? பஸ்ஸில் எவனோ விட்டுப்போனது, கண்டெடுத்தது என்று மனது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? தன் பெட்டியில் எத்தனை குறைந்தாலும் கஞ்சிக்குத் தெரிந்துவிடும் என்று தெரிந்தவன் எவனோ, அவன்தான் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறான். இந்த எண்ணம் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பாதி தேய்த்த துணியோடு கடையைச் சாத்தினான்.

சோடா ஒருவருக்குக் கழுத்தோரம் சவரம் செய்துகொண்டிருந்தான். கஞ்சியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தவன் கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். வாடிக்கைக்காரர் போகிறவரை கஞ்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிறகு உறையை எடுத்து, கிண்ணங்களுக்கு நடுவே வைத்தான்.

"இது எங்க டிரைவர் பையில இருந்துச்சு. உன்கிட்டயா வாங்கறான்?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"யார் வாங்குறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், கஞ்சி. உனக்கே தெரியும்."

"என்கிட்டயுமா?"

"பெத்த தாய்கிட்டயே கூடாதுன்னு மேஜையத் தட்டினது யாரு?"

டிரைவர் வாங்காதவனாக இருந்தால் சோடா சிரித்திருப்பான். 'உங்க டிரைவரா, அவனுக்கு உன்னைச் சமாளிக்கவே நேரம் பத்தல' என்று ஏதாவது சொல்லியிருப்பான். அவன் சிரிக்காததே பதில்.

"ஒவ்வொரு மாசமும் கூட்டத்துல என் பக்கத்துலதான்டா உக்காருவே. என் தட்டுல இருந்து எடுத்துத் தின்னுக்கிட்டே இதையும் மனசுல வெச்சிருந்தியா?"

"நான் என்ன பண்ணியிருக்கணும்ங்கறே?" சோடாவுக்கும் குரல் உயர்ந்தது. "குடுக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பணுமா? போறவன் போகத்தான் போறான். வெறுங்கையோட போயிருந்தா இன்னிக்கு உன் கதி என்ன? ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துச்சுன்னா நெனைக்கறே? உனக்காகத்தான் குடுத்தேன், உன் வேலைக்காகத்தான் வாயை மூடிக்கிட்டேன்."

கஞ்சியும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் வாய் மூடியிருக்கிறான். ஒரே வீட்டில் வாழும் இருவர் தனித்தனியாக வந்து உள்துணியை இழுத்துவிட்டுப் போனதும் உண்டு. தன் வேலையின் பெருமை என்று அதை நினைத்திருக்கிறான். அந்த வீட்டில் ஏமாறுகிறவன் எவன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. உறையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் இறங்கி நடந்தான். தேள் கொட்டினவன்கூடக் கத்தலாம், அவனுக்கு அந்த வழியும் இல்லை.

சாயங்காலம் டிரைவர் வந்து முகம் கழுவி உட்கார்ந்தபோது கஞ்சி மேஜையில் அந்த மஞ்சளை வைத்தான். டிரைவர் முதலில் பஸ் சீட்டில் கிடந்தது என்றான். பிறகு நண்பன் வைத்துக்கொள்ளச் சொன்னது என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்று, முடியாமல், தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரு?"

"அந்தப் பக்கத்து டிப்போவுல ஒருத்தன். அது ஒண்ணுமில்லாத விஷயம்டா. வண்டி நிக்கற நேரத்துல... அவன் பேர்கூட எனக்கு முழுசாத் தெரியாது."

"எத்தனை நாளா?"

"அதை விடேன்."

"எத்தனை நாளான்னு கேக்கறேன்."

டிரைவர் சட்டென்று கஞ்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது. அதுவும் பொய்த் தண்ணீர் இல்லை. "ஒண்ணு மட்டும் நம்பு. ஒரு தடவைகூட வெறுமனே போனதில்ல. நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான். தேதி பாத்து, எண்ணெய் படாம, எல்லாம் நீ சொன்னபடி. உன் உடம்புக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதேங்கற ஒரே பயம்தான் எனக்கு."

கஞ்சிக்கு அழுவதா, அறைவதா என்று தெரியவில்லை. அவனுடைய பிரசங்கத்தை ஒரு எழுத்து விடாமல் கேட்டு நடந்த ஒரே சீடன் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறான். கஞ்சி எல்லாவற்றையும் எவ்வளவு ஆசையாகச் சொல்லிக் கொடுத்தான்! இவன் அதையெல்லாம் கொண்டுபோய் இன்னொருவனோடு படுக்க ஒழுங்காகப் பயன்படுத்திவிட்டு, இதோ பார் எவ்வளவு அக்கறை என்று காட்டுகிறான். கழுத்தை அறுத்ததோடு, கத்தியைக் கொதிநீரில் கழுவித்தான் அறுத்தேன் என்கிறான். கஞ்சி கையை உருவிக்கொண்டு பாயை எடுத்து முன்னறையில் போட்டான்.

நம்புவதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் மிச்சமிருந்தது. ஒன்றை மறைத்தவன் மற்றதில் மட்டும் அரிச்சந்திரனா? கஞ்சி மறுநாளே பரிசோதனை நிலையத்துக்குப் போனான். எத்தனையோ பேரைக் கையைப் பிடித்து அழைத்துப்போன இடம்தான். நர்ஸம்மா அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"என்னைத்தான்மா."

அவள் முகம் மாறியது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாளும் பயிற்சி பெற்றவள். அன்று ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. ஆனால் சமீபத்தில் ஏதாவது தொற்றியிருந்தால் உடனே தெரியாது, இடைவெளி விட்டு இன்னொரு முறை வர வேண்டும் என்பதை அவள் சொல்வதற்கு முன் அவனே சொல்லிவிட்டான். வந்தாலும் இப்போது மருந்து இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் அவனே சொன்னான். மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாயில் பதிந்த வார்த்தைகள். தனக்குச் சொன்னபோது அவை வெறும் சத்தமாக இருந்தன.

அந்தக் காத்திருப்பு நாட்களில் தங்கை ஒருநாள் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததுமே மோப்பம் பிடித்துவிட்டாள். டிரைவர் அண்ணா ஒரு மூலை, இவன் ஒரு மூலை, நடுவில் சுருட்டி வைத்த பாய்.

"என்ன அண்ணா, டிரைவர் அண்ணாவோட சண்டையா? கட்டிக்கிட்ட நாங்களே இவ்வளவு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதில்ல."

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமயா இப்படி இளைச்சுப் போயிருக்கே? எதுன்னாலும் பேசித் தீத்துக்கோ. அவரை மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டாரு, சொல்லிட்டேன்."

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று கஞ்சிக்குத் தெரியாது. புருஷன் ஏமாற்றினால் அவள் அண்ணனிடம் ஓடி வந்து அழுவாள். இவன் போய் அவள் புருஷன் சட்டையைப் பிடிப்பான். ஊரே கூடி அவளுக்காக நியாயம் பேசும். தனக்கு நடந்ததற்கு இந்த ஊரில் பெயரே இல்லை. ஒன்றுவிட்ட தம்பி துரோகம் செய்துவிட்டான் என்றா சொல்வது? ஊமை கண்ட கனவு மாதிரி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

கடையை மட்டும் மூடவில்லை. உள்துணி தொங்கும் பேண்டுகள் வந்தன, போயின. ஒவ்வொரு பையிலும் உறையை வைக்கும்போது, இதற்காக எந்த வீட்டில் எவன் அழப்போகிறானோ என்று தோன்றும். வைக்காமல் விட்டால் அழுகை இன்னும் பெரிதாகும் என்பதும் தெரியும். வைத்தான். ஒன்றையும் குறைத்து வைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பரிசோதனையும் நல்லபடியாக வந்தது. நர்ஸம்மா சிரித்தாள். வெளியே வந்தால் டிரைவர் வேலைக்குப் போகாமல் வாசலில் நிற்கிறான். கஞ்சி தலையசைத்ததும் அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நான்தான் சொன்னேன்ல!" என்றான், பரிசு வாங்கினவன் மாதிரி. அவன் சொன்னது நிஜம்தான், உறை விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை. கஞ்சிக்குச் சந்தோஷம் வரும் என்று அவனே எதிர்பார்த்தான். வரவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கஞ்சி உட்காராமல் நின்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை வாரமும் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தான். சொன்னால் டிரைவர் உடைந்துபோவான், அப்போ என் மேல நம்பிக்கையே போயிடுச்சா என்று கேட்பான், அழுவான், அன்று கையைப் பிடித்துச் சொன்னதை எடுத்துப் பேசுவான். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தான். அப்படி அவன் அழுதால், அதைப் பார்த்து மனம் இளகி மன்னித்துவிடலாம் என்றுகூட உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது.

"இங்கயே இரு. போன்னு சொல்லல," என்றான். "ஆனா இனிமே நமக்குள்ளயும் உறை வேணும்."

டிரைவர் அவனையே பார்த்தான். பிறகு இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டான்.

"இவ்வளவுதானா? போட்டுக்கிட்டா போச்சு. நான் என்னமோ பெட்டியக் கட்டச் சொல்லப் போறியோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்." எழுந்து வந்து கஞ்சியின் தோளைத் தட்டினான். குரலில் பழைய செல்லம் வந்துவிட்டது. "எனக்கு அது எப்பவுமே பெரிய விஷயம் இல்லடா. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அன்னிக்குச் சொன்னேன். நீ அதைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டே. நடுவுல போட்டுக்கலாம்னு சொன்னா உன் மனசு நோகுமேன்னுதான் விட்டுட்டேன். சரி, பசிக்குது. உனக்கு என்ன செய்யட்டும்?"

கஞ்சிக்கு அப்போதுதான் நிஜமாக வலித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இந்த வீட்டில், இந்த அறையில், அத்தனை வருடமும் அந்தச் சத்தியத்தைக் கட்டிக் காத்தது அவன் ஒருவன்தான்.

"எதுன்னாலும் செய்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுவதை டிரைவர் பார்த்துவிட்டால் அதற்கும் ஆறுதல் சொல்ல வந்துவிடுவான்.